மந்திரித்த தூசு

செல்வதுரை வேலையில் சேர வந்த அன்று மரியசெல்வி அவனிடம் பேசிய முதல் பேச்சு, "மூச்சு விடாதீங்க" என்பது. விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் ஊரிலிருந்து, டிரங்குப் பெட்டியில் பெயருக்குப் பின்னால் பி.எஸ்ஸி. என்று பெயின்ட் அடித்துத் தூக்கி வந்தவன், ஆய்வக வாசலிலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். தூத்துக்குடிக் கல்லூரியில் புது டெமான்ஸ்ட்ரேட்டரை இப்படித்தான் வரவேற்பார்கள் போலும்.

மேசைமேல் மூடி திறந்திருந்த ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பித்தளை வளையம், அதற்கு மேலும் கீழும் இரண்டு பித்தளைக் குமிழ்கள். நடுவில், ப்ரொஜெக்டர் வெளிச்சத்தில், ஒரு தூசு எதையும் தொடாமல் அந்தரத்தில் நின்றது. மின்சாரம் அதை மாறி மாறித் தள்ளுவதால் எந்தப் பக்கமும் போக வழியில்லாமல் நிற்கிறது என்றார் மரியசெல்வி. தருவைகுளத்துக்காரர், இயற்பியல் விரிவுரையாளர். ஜெர்மனியில் இதே மாதிரி வெற்றிடத்தில் அயனிகளைப் பிடித்து வைத்து அளக்கிறார்களாம். அளந்த எண் கோட்பாடு சொல்லும் எண்ணிலிருந்து மயிரிழை பிசகினாலும், திருந்த வேண்டியது கோட்பாடுதானாம். இங்கே வெற்றிடத்துக்கு வசதியில்லை. அதனால் தூசு.

ஜெர்மனிக்கு ஆராய்ச்சிக்குப் போக ஒரே இடம் இருந்தது. ஆள் தேர்ந்தெடுக்க மெட்ராஸிலிருந்து பேராசிரியர் ஆவுடையப்பன் வந்தார். மரியசெல்வி அவரை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போனார். தூசுக்குக் காவல் செல்வதுரை.

அந்த நேரம் பார்த்து மரியசெல்வியின் அம்மா அந்தோணியம்மாள் பங்குச்சாமியாரோடு வந்து சேர்ந்தார். மகன்களின் வள்ளம் ஒன்றுகூட மந்திரிக்காமல் கடலில் இறங்கியதில்லை, மகளுடைய பெட்டி மட்டும் என்ன அநாதையா என்பது அவர் வாதம். செல்வதுரை கைகட்டி நின்றான். சாமியாரைத் தடுத்துப் பேசுகிற வழக்கம் அவன் ஊரில் இல்லை.

"கண்ணாடி மேல தெளிச்சா உள்ள போவுமாய்யா?" என்று அந்தோணியம்மாளே மூடியைத் தூக்கினார்.

சாமியார் மந்திரித்த தண்ணீரைத் தாராளமாகத் தெளித்தார். நீலமாக ஒரு பொறி பறந்தது. ஃபியூஸ் போனது. தூசும் போனது. சாமியார் ஜெபத்தை முடித்துவிட்டுத்தான் பின்வாங்கினார்.

பேராசிரியர் உள்ளே வந்தபோது பெட்டி சொட்டிக்கொண்டிருந்தது. கரண்ட் கட் என்று சொல்லிவிடலாம் மேடம் என்று செல்வதுரை முணுமுணுத்தான். அதை யாரும் நம்பியிருப்பார்கள். அந்த வருஷம் தினமும் கட்தான்.

"எங்கம்மா மந்திரிச்சிட்டாங்க சார்," என்றார் மரியசெல்வி.

தண்ணீரில் என்ன இருந்தது என்று பேராசிரியர் கேட்டார். உப்புப் போட்டுத்தான் மந்திரிப்பது என்று அந்தோணியம்மாள் பெருமையாகச் சொன்னார். மரியசெல்வி மின்விசிறிக்கடியில் எல்லாவற்றையும் காயவைத்தார். பித்தளையில் பூத்திருந்த உப்பை பிளேடால் சுரண்டி, ஃபியூஸ் மாற்றி, வளையத்துக்குள் தூவினார். பல விழுந்தன. ஒன்று நின்றது.

அது ஆடுவதைப் பார்த்து, எந்த வோல்டேஜில் தப்பி ஓடும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். அந்த எண்ணைத் தாண்டியும் அது ஓடவில்லை. இன்னும் கொஞ்சம் ஏற்றிய பிறகே ஓடியது.

"ஏம்மா தப்பாச்சு?"

"காத்து அதப் பிடிச்சு வைக்குது சார். எவ்வளவு பிடிக்குதுன்னு எனக்குத் தெரியாது. தெரியணும்னா வெற்றிடம் வேணும். அதுக்குத்தான் போகணுங்கேன்."

பேராசிரியர் வேறு கேள்வி கேட்கவில்லை. வாசலில் அந்தோணியம்மாளிடம் மட்டும், அடுத்த தடவை ஜெபம் போதும், தண்ணீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த அம்மாள் அதை ஏற்கவில்லை. இடம் கிடைத்ததே தண்ணீரால்தான் என்று இன்றைக்கும் தருவைகுளத்தில் சொல்லிவருகிறார்.

இப்போது, 1979இல், மரியசெல்வி ஜெர்மனியில் பேரியம் அயனிகளை அளந்துகொண்டிருக்கிறார். பித்தளை வளையம் செல்வதுரை பொறுப்பில் இருக்கிறது. கண்ணாடி மூடிக்குப் பூட்டுப் போட்டிருக்கிறான்.