மாமா வைத்த எலுமிச்சம்பழம்

இன்று நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதப் போகிறேன். மாமா படித்தாலும் பரவாயில்லை.

கீழ்பென்னாத்தூரில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. சாப்பாட்டுக்கு முன் நண்பர்களோடு மண்டபத்துக்குப் பின்னால் போன மாமா, வாய் நிறைய சோம்போடு திரும்பி வந்தார்.

"மாமா, குடிச்சிருக்கீங்க. வண்டி ஓட்டாதீங்க" என்றேன். அத்தை மடியில் தூங்கும் பாப்பாவும் அந்தக் காரில்தான் திருவண்ணாமலைக்குத் திரும்ப வேண்டும்.

"அதெல்லாம் புதுசா ஓட்டுறவனுக்குத்தாம்மா. எனக்கு இருபத்தஞ்சு வருஷ சர்வீஸு. வண்டில ஒரு கீறல் உண்டா?"

"கொஞ்சம் உள்ள போனாதான் நிதானமே வரும்" என்றார் ஒரு நண்பர். மற்றவர்களும் சாவியைச் சுழற்றியபடி தலையாட்டினார்கள். எல்லோரும் அனுபவசாலிகள்.

வெளியூர்ப் பயணம் என்றால் மாமா முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். இன்றும் குனிந்து பக்தியோடு வைத்தார். நிமிர்ந்து சாவியின் பட்டனை அழுத்தினார்.

நான்கு வண்டி தள்ளி நின்ற வெள்ளைக் காரின் விளக்குகள் மின்னின. அதுதான் எங்கள் கார்.

பழம் வைத்த காரின் சொந்தக்காரர் ஓடி வந்தார். "அண்ணே, என் வண்டிக்கு ஏங்க பழம் வெக்கிறீங்க?"

அத்தை கையை நீட்டினார். மாமா சாவியைக் கொடுத்துவிட்டார்.

பஸ்ஸில் வந்தோம். வழி முழுக்க மாமா என் தோளில் தூங்கினார். அந்தக் கார்க்காரர் எங்கள் பழத்தின் மேல் ஏற்றிவிட்டுப் பத்திரமாக வீடு போயிருப்பார்.

உங்கள் வீட்டு அனுபவசாலி யார் வண்டிக்குப் பழம் வைக்கிறார்?