சுமலதா வாசலின் பூசணிப் பூ

சண்டை போடாவிட்டால் அம்மாக்கண்ணுவுக்குச் சோறு இறங்காது என்று தெருவில் சொல்வார்கள். பொய்யில்லை. குடித்துவிட்டுக் கை ஓங்கிய புருஷன் பச்சமுத்துவின் பெட்டியை ஒரு மழைநாளில் தெருவில் வீசி, பின்னாலேயே அவனையும் தள்ளிக் கதவைச் சாத்தியவள். பிறகு செஞ்சியில் வேர்க்கடலை புடைத்தே மகன் சேரனை ஆளாக்கினாள். அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் அந்தத் தெருவில் யாருமில்லை.

இந்த மார்கழியில் சண்டை பூசணிக்கொடிக்காக. தளவானூரில் அவள் அம்மா வீட்டு இனம். வெந்தால் மாவாகக் கரையும். எடுத்து வைத்திருந்த விதையை எலி தின்றுவிட்டது. மிஞ்சியதில் முளைத்தது இந்த ஒரு கொடிதான். இதில் ஒரு காயாவது முற்றினால்தான் அடுத்த வருஷத்துக்கு விதை.

கொடி மதிலேறிப் பக்கத்து வீட்டுக்குள் தலை நீட்டியது. அங்கே பக்கத்து ஊர் வல்லத்திலிருந்து வாழ வந்த சுமலதா, வருஷாவருஷம் மதில்மேல் பூத்ததைப் பறித்துக் கோலத்துச் சாணி உருண்டையில் குத்துவாள். இந்த வருஷம் அவளுக்கு ஒரு பூகூடக் கிடைக்கக்கூடாது என்று அம்மாக்கண்ணு முடிவு கட்டினாள். இதழுக்கு அடியில் கோலிக்குண்டு போலப் பிஞ்சு ஒட்டியிருந்தால் அது காய்க்கிற பூ, அதைத் தொடமாட்டாள். நீளக் காம்பில் வெறுமனே நிற்பது வெத்துப் பூ. அந்த மொட்டுகளைச் சாயங்காலமே தேடித் தேடிக் கிள்ளி மாட்டுக்குப் போட்டாள். சுமலதா அசரவில்லை. தினமும் விடிவதற்குள் அவள் தம்பி வல்லத்துக் கொடியிலிருந்து பூ கொண்டுவந்து கொடுத்தான்.

அம்மாக்கண்ணுவின் கொடியில்தான் பிஞ்சுகள் நிற்கவில்லை. பூ சுருங்கியதும் மஞ்சளாகி, அழுகி உதிர்ந்தன. ஒரு நாள் காலையில் உதிர்ந்து கிடந்த பிஞ்சோடு அம்மாக்கண்ணு வாசலுக்கு வந்தாள். சுமலதா கோலத்தில் பூ வைத்துக்கொண்டிருந்தாள்.

“இன்னாடி வச்ச என் கொடிக்கு? ஒன் கொள்ளிக்கண்ணு பட்டுத்தான் ஒண்ணும் நிக்கல!”

சுமலதா நிமிரவே இல்லை. “என் கண்ணு இன்னா பண்ணும் யக்கா? ஆம்பளப் பூவயெல்லாம் நீயே கிள்ளிட்டா பிஞ்சு எப்டி நிக்கும்? அந்த மஞ்சத் தூளு பொம்பளப் பூவுல ஒட்டணும். ஆம்பளன்னா தொரத்துறதுதான ஒனக்குப் பழக்கம். அன்னிக்குப் புருசன், இன்னிக்குப் பூவு.”

குழாயடியில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அம்மாக்கண்ணு பிஞ்சை அவள்மேல் விட்டெறிந்தாள்.

“நாக்கு அழுவிடும்டி ஒனக்கு!”

“எறி, எறி. ஒனக்குக் காய்ச்சது அதுதான?”

அம்மாக்கண்ணு உள்ளே வந்து கொடியைப் பார்த்தாள். பிஞ்சோடு ஒரே ஒரு பூ விரிந்திருந்தது. பனியில் கொடியின் நுனி கருகிவிட்டதால் இனி மொட்டு வராது. பூவுக்குள் பிளவுபட்ட ஒரு குமிழ், பிசுபிசுவென்று இருந்தது. தூள் ஒரு பொட்டு இல்லை. கொடி முழுக்கத் தேடினாள். ஒரு வெத்துப் பூ மிஞ்சவில்லை. கோட்டை இருக்கும் ராஜகிரி உச்சியில் விழுந்த வெயில் பாதி மலைக்கு இறங்கியிருந்தது. வெயில் ஏறினால் பூ மூடிக்கொள்ளும்.

அடுத்தவள் கோலத்தில் கை வைப்பவளைத் தெரு என்ன பேசும் என்று அவளுக்குத் தெரியும். போன வருஷம் வேறொருத்தியை அவளே பேசியிருக்கிறாள். நேராகச் சுமலதா வாசலுக்குப் போய், புள்ளியும் கோடும் கலைய மிதித்து, பெரிய பூ ஒன்றைப் பிடுங்கினாள்.

“அடி திருட்டுக் கழுத! வாசல்ல வச்ச பூவ எடுக்கிறியே, நீ வெளங்குவியா?”

அம்மாக்கண்ணு தன் கொடிக்கு ஓடினாள். இதழ்களைக் கிழித்துப் போட்டாள். உள்ளே விரல்போல நின்ற தண்டின் மஞ்சள் தூள் கையெல்லாம் அப்பியது. அந்தத் தண்டைப் பிஞ்சுப் பூவின் குமிழில் சுற்றிச் சுற்றித் தேய்த்தாள். தேய்த்தபடியே திட்டினாள்; சுமலதாவையா, தன்னையேவா என்று சொல்ல முடியாது.

அந்தப் பிஞ்சு மஞ்சளாகவில்லை. பொங்கல் கழிந்தபோது தேங்காய் அளவுக்குப் பருத்திருந்தது. மதிலுக்கு மேல் சுமலதாவின் தலை எட்டிப் பார்த்தது.

“எங்க ஊட்டுப் பூவால நின்னது யக்கா. பாதி எனக்கு.”

“காய் என் கொடியில தொங்குது. போடி.”

“காய் ஒன்னுதுதான். உள்ள இருக்கிற வெத? அதுல பாதி வல்லமாச்சே!”

அம்மாக்கண்ணு இதை யோசித்திருக்கவில்லை. பிறகு கருவேல முள்ளை இழுத்து வந்து காயைச் சுற்றி அடுக்கினாள்.

“மொளச்சுக் காய்க்கட்டும். கசந்துதுன்னா அது வல்லத்துப் புத்தின்னு தெரிஞ்சிக்கிறேன்.”