பதினொரு பேரும் ஒரு கதவும்

வீட்டு நர்ஸாக வந்த சிஸ்டர் பெரியவருடைய வலது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். சுண்டுவிரலில் தொடங்கிக் கட்டைவிரலில் முடிப்பாள். பக்கவாதம் வந்த கை காலையில் இறுக மூடிக் கிடக்கும். அவசரப்பட்டு இழுத்தால் இன்னும் இறுகும். உள்ளங்கையில் எண்ணெய் தடவி, விரிந்த கையைத் தூக்கி மவுஸின் மேல் வைத்தாள்.

அவர் நெசவாலையில் முப்பத்தோரு வருடம் ஃபோர்மேன். நாற்பது பேரை மேய்த்தவர். விரல் பயிற்சிக்குக் கொடுத்த ரப்பர் பந்தை, நான் என்ன பச்சைப் பிள்ளையா என்று ஒதுக்கியவர், மகள் கணினியில் போட்டுக் கொடுத்த விளையாட்டை மட்டும் விடவில்லை. அதில் பனி மூடிய பள்ளத்தாக்கு ஒன்றில் பதினொரு பேர் குடியேறியிருந்தார்கள். அவர்களுக்கு வேலை சொல்லி, சோறு போட்டு, உயிரோடு வைத்திருக்க வேண்டும். தன் ஆலை ஆட்களின் பட்டப்பெயர்களையே அவர்களுக்கும் வைத்திருந்தார்: நெட்டை, பஞ்சுமிட்டாய், ஊமைக்கோட்டான். ஐந்து மாதத்தில் அவருடைய ஆள்காட்டி விரல் தனியாக அசையத் தொடங்கியது என்றால் அது இவர்கள் புண்ணியம்.

அன்று காலை பதினொரு பேரும் படுக்கைக் கூடத்துக்குள்ளேயே நின்றார்கள். விறகு வெட்டச் சொன்னார், நின்றார்கள். சமைக்கச் சொன்னார், நின்றார்கள். வெளியே கிடங்கு நிறையத் தானியம். தலைக்கு மேலே பசிக்குறி சிவந்துகொண்டே போனது.

ஓடாத தறியைப் பார்ப்பது போலவே பார்த்தார். எல்லாருடைய வேலைப் பட்டியலையும் அழித்துவிட்டு, ஒருவனுக்கு மட்டும் ஒரே ஒரு வேலை கொடுத்தார். அசையவில்லை. காயம் உண்டா, தூக்கம் போதுமா, கருவி இருக்கிறதா என்று ஆள் ஆளாகச் சோதித்தார். நேற்று மாலை சேமித்து வைத்திருந்த இடத்துக்கே திரும்பிப் போய் மறுபடி ஓட்டிப் பார்த்தார். அதே கதைதான். பன்னிரண்டு மணி வாக்கில் சமையற்காரன் பஞ்சுமிட்டாய் சுருண்டு விழுந்து செத்துப்போனான்.

அவர் ஆட்டத்தை நிறுத்தி வைத்து மவுஸை விட்டார். கை தானாக மூடிக்கொண்டது.

"தப்பு எங்கன்னு பிடிபடல சிஸ்டர்," என்றார் குழறலாக. "மண்டை போயிடுச்சு."

மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்கு வந்த மகள் ரத்த அழுத்தம் பார்த்தாள்; நூற்று எழுபது. மூளைக்கு வேலை கொடுக்கத்தான் இதை வாங்கினோம், நோகடிக்க இல்லை, நாளைக்கே எடுத்துவிடுகிறேன் என்றாள். அவர் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. சிஸ்டருக்கு அதுதான் உறைத்தது. எதிர்த்துப் பேசாத நோயாளி முதலில் கையை விடுவான், பிறகு காலை விடுவான். அப்படி நாலு பேரைப் பார்த்தவள் அவள்.

கணினி முன்னால் போய் உட்கார்ந்தாள். சாப்பிடாத நோயாளியிடம் ஏன் என்று கேட்பதை அவள் என்றைக்கோ விட்டிருந்தாள். தட்டு கைக்கு எட்டுகிறதா என்றுதான் முதலில் பார்ப்பாள். படுக்கையிலிருந்து கிடங்குவரை திரையில் விரலால் வழி பிடித்துப் போனாள். விரல் கூடத்தின் கதவில் நின்றது. கதவின் மேல் பொட்டளவில் ஒரு சிவப்புப் பூட்டு.

பூட்டியது அவள்தான். நேற்று மாலை அவர் தங்கையோடு ஃபோனில் பேசிய நேரம், விளையாட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். ஊமைக்கோட்டான் சித்தம் கலங்கிப் பனியில் இறங்கி நடக்கப் பார்த்தான். முதியோர் இல்லத்தில் பதினெட்டு வருடம் உழைத்த கை அவளுடையது. எழுந்து நடக்கும் நோயாளி என்றால் அது கதவைத் தாழிடும். எல்லாரும் தூங்க உள்ளே வந்ததும் பூட்டி, அப்படியே சேமித்தும் வைத்தாள். காலையில் திறப்பது இல்லத்தில் அடுத்த ஷிஃப்டின் வேலை. அவர் கதவைப் பார்க்காததற்கும் காரணம் இருந்தது: ஆலையில் கேட் என்பது வாட்ச்மேன் பாடு.

சத்தமில்லாமல் திறந்துவிடலாம். ஆட்கள் நடப்பார்கள், ஒருவருக்கும் தெரியாது. ஆனால் மண்டை போய்விட்டது என்ற நினைப்பு அவரிடமே தங்கிவிடும். மகளையும் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டு சொன்னாள்.

"ஐயா, உங்க மண்டைக்கு ஒண்ணும் ஆகல. கதவைப் பூட்டினது நான். சொல்ல மறந்துட்டேன். பஞ்சுமிட்டாய் செத்தது என்னாலதான்."

அவர் திரையில் அந்தப் பூட்டைத் தேடிப் பார்த்தார்.

"வாட்ச்மேனைக் கேக்காம பூட்டு போட்டா எங்க ஆலையில மெமோ குடுப்போம்," என்றார். கூடவே, "நானும் கதவைப் பாத்திருக்கணும்."

"நேத்து எடத்துலேருந்து மறுபடி ஆரம்பிங்கப்பா. அவன் பொழச்சுக்குவான்," என்றாள் மகள்.

"வேண்டாம்மா. நம்ம ஷிஃப்ட்ல போன உசுரு. இருக்கறவங்களப் பாப்போம்."

பூட்டை அவரே எடுத்தார். பத்துப் பேரும் கிடங்குக்கு ஓடினார்கள். ஆறிப்போன சாப்பாட்டை அவரும் மூன்று மணிக்குச் சாப்பிட்டார். கணினியை எடுப்பது பற்றி மகள் அப்புறம் பேசவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாகப் பஞ்சுமிட்டாயைப் புதைத்தார்கள். நெட்டையைக் குழி தோண்ட அனுப்புவதற்குள் அவர் விரல் மூன்று தடவை வழுக்கியது. சிஸ்டர் தன் கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டாள். அது முடிந்ததும் பள்ளத்தாக்கில் இருந்த கதவுகளை அவள் ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்ல, அவர் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தார். அதற்குப் பிறகுதான் விறகு வெட்ட ஆள் போனது.