லிஃப்ட் ஓடும்போது

எங்கே லிஃப்ட் சத்தம் கேட்டாலும் எனக்குச் சல்லடை அக்கா ஞாபகம் வந்துவிடும். அந்தப் பெயரை வைத்தவன் நான்தான். எங்கள் குவாண்டம் கணினிக் கூடத்தில் கேட் செய்வது என் வேலை. அதைச் சலித்துப் பார்ப்பது அவர் வேலை. கேட் என்றால் வாசல் கேட் இல்லை, குவாண்டம் கணினியின் அடிப்படை அலகான கியூபிட்டின் நிலையை மாற்றுகிற ஒரு சின்னத் துடிப்பு. அக்கா பல கேட்களைக் கன்னாபின்னாவென்று கலந்து வரிசையாக விடுவார். ஊரெல்லாம் சுற்றினாலும் கியூபிட் கடைசியில் புறப்பட்ட வீட்டுக்கே வந்து சேர வேண்டும். வழிதவறினால் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்குத் திட்டே தேவலை.

அந்த வருடம் என் கேட் தேறாவிட்டால் கூடத்தை மூடிவிடுவதாக மேலிடம் சொல்லிவிட்டது. அக்காவின் வீட்டுக்காரருக்கு அப்போது வேலை இல்லை. மகள் கல்லூரியில் படித்தாள். எங்களில் அந்தச் சம்பளம் அதிகம் தேவைப்பட்டது அவருக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை, ஆளில்லாத கட்டடத்தில் நானே சோதித்தேன். ஆயிரத்துக்கு ஒன்றுதான் தவறியது. தலைகால் புரியவில்லை எனக்கு. திங்கட்கிழமை அக்கா சோதித்தால் முப்பது தவறுகிறது! பற்றிக்கொண்டு வந்தது. அவர் அலட்டிக்கொள்ளாமல் சுவரில் காதை வைத்தார். அந்தப் பக்கம் லிஃப்ட் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதன் மோட்டார்தான் வில்லன்.

ஞாயிற்றுக்கிழமைக் கணக்கையே அனுப்பலாம் என்று கெஞ்சினேன். எல்லோரும் அமைதியான நேரம் பார்த்துத்தானே அளக்கிறார்கள் என்று வாதாடினேன்.

“லிஃப்ட் நின்னாதான் வேலை செய்யும்னா, அந்த கேட்டை யாரு தலையில கட்டறது தம்பி?” என்றார்.

ஆனால் நான் அதைச் சரிசெய்ய மல்லுக்கட்டிய வாரங்களில், என் வேலை கெடக்கூடாதென்று அவர் லிஃப்டைத் தொடவே இல்லை. முழங்கால் வலியோடு, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து, மூச்சு வாங்க மாடியேறி வந்தார். கேட் தேறவில்லை. உள்ளது உள்ளபடி எழுதி அனுப்பினார். கூடத்தை மூடினார்கள். எனக்குக் கோபம், அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கடைசி நாள் அட்டைப்பெட்டியோடு நான் படிக்கட்டுப் பக்கம் திரும்பியபோது, அக்கா லிஃப்ட் வாசலில் நின்று பொத்தானை அழுத்தினார்.

“வாங்க தம்பி. இனிமே இது ஓடினா என்ன, நின்னா என்ன,” என்றார்.

அவர் கையிலிருந்த பெட்டியையும் நானே வாங்கிக்கொண்டேன். ஒன்றாக இறங்கினோம்.