புள்ளிக்கோட்டில் உட்கார்ந்திருப்பவள்

அண்ணா வரைந்த அந்தத் துணி இன்னும் என்னிடம் இருக்கிறது. வெளிர்நீலத்தில், வழவழவென்று, படம் வரைவதற்கென்றே விற்ற டிரேசிங் துணி. கறுப்பு மசியில் ஒரு காப்பிக்கொட்டை அரைக்கும் மிஷின். புனலுக்கு ஒன்று, பல்சக்கரத்துக்கு இரண்டு, சங்கிலிக்கு மூன்று, கால்மிதிக்கு நான்கு என்று எண்கள். மிஷினுக்குப் பின்னால் புள்ளிக்கோட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். மைசூர் விஜயநகரில் அண்ணா மகள் வீட்டில், என் பட்டுப்புடவைகளுக்கு நடுவே அதை மடித்து வைத்திருக்கிறேன்.

பிறந்ததிலிருந்தே என் வலது மணிக்கட்டு வளைந்தே இருக்கிறது. காலையில் காப்பிக்கொட்டை அரைப்பது எங்கள் வீட்டில் பெண்கள் வேலை. யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. சொல்லாததுதான் எனக்கு அழுகையாக வரும். பிடிவாதமாகக் கை மிஷினை முழங்காலில் இடுக்கிக்கொண்டு சுற்றுவேன், கொட்டை கூடம் முழுக்கச் சிதறும். பட்டறையில் படம் வரையும் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்த அண்ணா பொறுக்கித் தருவான். அப்புறம் ஒருநாள் பழைய சைக்கிள் சங்கிலியும் தையல் மிஷின் மிதியும் கொண்டுவந்து, காலால் அரைக்கும்படி ஒன்றைச் செய்துவிட்டான்.

வேறு யாரும் அதைச் செய்து விற்காதபடி பேட்டன்ட் வாங்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை பிடித்தது. மகாராஜா காலத்தில் மைசூருக்கென்று தனிப் பதிவு இருந்ததாம். அந்தக் காகிதம் மெட்ராஸில் செல்லாது. சுதந்திரம் வந்து சமஸ்தானமும் சேர்ந்த பிறகு, கல்கத்தா பேட்டன்ட் ஆபீசுக்கு ஒரே விண்ணப்பம், தேசம் முழுக்கச் செல்லும். இதைச் சாப்பிடும்போதெல்லாம் சொல்லிச் சொல்லி எங்கள் காதைப் புளிக்க வைத்தான். அந்தக் காகிதம் வந்தால் வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஒரு ஷெட் போடுவது என்பது அவன் கணக்கு.

எங்கள் வீட்டில் எந்தப் புதுக் கருவியும் ஆயுத பூஜைக்கு வைக்காமல் வாசல் தாண்டாது. பூஜைக்கு வந்தவர்கள் அதை ஒருமுறை இயக்கிப் பார்த்துவிட்டுத்தான் தாம்பூலம் வாங்குவார்கள். விண்ணப்பமும் பூஜை முடியட்டும் என்று காத்திருந்தது. தெருவையே கூப்பிட்டது நான். என் மிஷின் என்ற கர்வம் எனக்கு. சுண்டலைத் தின்றுகொண்டே எல்லோரும் மிதித்தார்கள். அடுத்த தெரு காப்பிப்பொடிக் கடைக்காரர் மற்றவர்களைவிட அதிக நேரம் மிதித்தார். அவர் கேட்டதற்கெல்லாம் நான்தான் விளக்கம் சொன்னேன்.

விண்ணப்பம் ஏற்கப்பட்டு கெஜட்டில் அறிவிப்பு வந்தது. வீட்டில் பாயசம் வைத்தோம். சில வாரங்களில் கடைக்காரர் கல்கத்தாவுக்கு ஆட்சேபணை எழுதினார்: விண்ணப்பத்துக்கு முன்பே தெருவே மிதித்த மிஷின், நானும் மிதித்தேன், இதில் புதுமை என்ன? அதற்குள் அதேபோல் இரண்டு செய்து கடையில் வைத்திருந்தார். விற்றால்தான் ஊருக்குத் தெரிந்ததாக அர்த்தம், வீட்டுப் பூஜை எப்படி ஊராகும் என்று அண்ணா நினைத்திருந்தான். சட்டம் அப்படி நினைக்கவில்லை; முன்பே வெளியார் இயக்கிப் பார்த்திருந்தால் அது புதிதல்ல. உறவினரைத் தவிர யாரும் வரவில்லை என்று வீட்டார் சத்தியக்கடிதம் கொடுத்தால் சமாளிக்கலாம் என்று, விண்ணப்பத்தைக் கவனித்துவந்த பெங்களூர் பேட்டன்ட் ஏஜென்ட் எழுதினார். நான் பேனாவோடு போய் நின்றேன்.

"பேனாவை வைடி," என்றான் அண்ணா. "வந்தவா எல்லாரும் சந்தோஷமாத்தானே மிதிச்சா. அவாளையெல்லாம் வரவே இல்லேன்னு எப்படி எழுதறது?"

பேட்டன்ட் கிடைக்கவில்லை. அதே பட்டறையில், அதே ஸ்டூலில் இருந்தே ஓய்வு பெற்றான். உன்னால்தான் என்று கடைசி வரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் போய் இத்தனை வருஷமாகியும் எனக்கு ஆறாதது அதுதான்.

போன வாரம் அண்ணாவின் பேத்தி துணியை விரித்து, "இது யார், பாட்டி?" என்றாள். அண்ணா எனக்குச் சொன்னதையே சொன்னேன்: முழுக்கோட்டில் இருப்பதுதான் கண்டுபிடிப்பு, புள்ளிக்கோட்டில் இருப்பது அதில் சேராது, எப்படிப் பயன்படுத்துவது என்று காட்ட மட்டும். சொல்லிவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அந்தப் பெண்ணின் வலது கை மடியில் கிடக்கிறது. மணிக்கட்டு வளைந்திருக்கிறது. கல்கத்தா ஆபீசில் யாருக்கும் அது தேவைப்பட்டிருக்காது.

சமையலறையில் மிக்ஸி இரைகிறது. நான் துணியை மடிக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். ஒரே ஒருமுறை வந்து என்னைத் திட்டிவிட்டுப் போயேன், அண்ணா.