கேளாமல் வாங்கின வீடு

வேலணையிலை வீடு வாங்க வேணும் எண்டு நாங்கள் ஆசைப்பட்டு வாங்கேல்லை. யாழ்ப்பாணம் ரவுணிலை நாங்கள் இருந்த வாடகை வீட்டைச் சொந்தக்காரர் திருப்பிக் கேட்டிட்டார். எண்பத்து மூண்டு ஆடிக் கலவரத்துக்குப் பிறகு அவரின்ரை தம்பி குடும்பம் கொழும்பிலையிருந்து உடுத்த உடுப்போடை வந்து இறங்கியிருந்தது. அந்தச் சனத்தை வைச்சுக்கொண்டு எங்களை இருங்கோ எண்டு அவர் சொல்ல ஏலாதுதானே. வேறை வீடு தேடி நானும் இவரும் செருப்புத் தேய நடந்தம். எங்கை போனாலும் கொழும்பாலை வந்த ஆரோ எங்களுக்கு முதலே அட்வான்ஸ் குடுத்திருப்பினம்.

இவர் படிப்பிச்ச பள்ளிக்கூடத்திலை வேலணை ஆள் ஒருத்தர் இருந்தவர். அவர்தான் சொன்னவர், பஸ் றோட்டுக்குக் கிட்ட ஒரு கல்வீடு விலைக்குக் கிடக்கு, விடிய பஸ் ஏறினால் பண்ணைப் பாலத்தாலை ரவுணுக்கு நேரத்துக்குப் போகலாம் எண்டு. போய்ப் பாத்தம். ரெண்டு அறை, ஒரு விறாந்தை, பின்னாலை குசினி. கிணத்துத் தண்ணியை அள்ளிக் குடிச்சுப் பாத்தன். தீவுப் பக்கம் உவர் இல்லாத கிணறு கிடைக்கிறது லேசுப்பட்ட காரியமே? எனக்கு அந்தத் தண்ணியோடையே மனம் ஒட்டிப்போச்சு.

வீட்டுக்காரர் பெஞ்சாதியை இழந்த மனிசன். பிள்ளையளும் இல்லை. கிளிநொச்சியிலை மச்சானோடை சேர்ந்து வயல் செய்யப் போறன் எண்டு அந்தரப்பட்டுக்கொண்டு நிண்டார். உரித்துக்காரர் ஆரும் இருக்கினமோ எண்டு இவர் ஒருக்கால் கேட்டவர்தான். ஒரு தங்கச்சி அனலைதீவிலை கலியாணம் முடிச்சு இருக்கிறாள், அவளாலை ஒரு கரைச்சலும் வராது எண்டு அந்த ஆள் சொன்னார். இவரும் தலையாட்டிப் போட்டு வந்திட்டார். வீட்டு உறுதிப் பத்திரம் எழுதி முடிஞ்சுது. பெரிய எடுப்பிலை குடிபூரல் செய்ய வசதி இல்லை, பாலை மட்டும் காய்ச்சி, சாமான் சக்கட்டை இறக்கினம்.

வந்து முதல் கிழமையே பக்கத்து வளவு மனிசி வேலிக்கு மேலாலை எட்டிப் பாத்துக் கேட்டா, தங்கச்சிக்காரியைக் கேட்டுத்தான் எழுதினவையோ எண்டு. தமையனும் தங்கச்சியும் கன வருசமாப் பேச்சுப் பறைச்சல் இல்லையாம். அவர் கேட்டிருக்கவே மாட்டார் எண்டு அடிச்சுச் சொன்னா.

எங்கடை தேசவழமை அப்பிடி. வீடு வளவு விக்கிறவர் முதலிலை தன்ரை உரித்துக்காரருக்கு அறிவிக்க வேணும். அவை வேண்டாம் எண்டால்தான் பிறத்தியாருக்கு விக்கலாம். அறிவிக்காமல் வித்தால், உரித்துக்காரர் ஒரு வருசத்துக்குள்ளை வழக்குப் போட்டு, விலையைக் கட்டி, வீட்டைத் தங்கடை பேருக்கு எடுக்கலாம். பிள்ளையில்லாத மனிசனுக்கு உரித்து ஆர்? கூடப் பிறந்தவள்தானே. இது தெரியாத யாழ்ப்பாணத்தானும் இருக்கிறானோ? தெரிஞ்ச நாங்கள்தான் போய் மாட்டுப்பட்டம்.

நான் இவரை விட்டு வைக்கேல்லை. சட்டம் படிச்சதுபோலப் பள்ளிக்கூடத்திலை கதைக்கிற ஆள், ஒருக்கால் வள்ளம் ஏறிப் போய் அந்த மனிசியைக் கேட்டால் என்ன எண்டு ஏசினன். இப்ப எண்டாலும் போவம் எண்டு இவர் வெளிக்கிட, நானே மறிச்சுப் போட்டன். அவவுக்கு விசயமே தெரியாமல் இருக்கலாம், சும்மா கிடந்த சங்கை ஏன் ஊதிக் கெடுப்பான், வருசம் கழியட்டும் எண்டு. அதுக்குப் பிறகு நான் பட்ட பாடு நாய் படாது.

சொந்த வீட்டிலை கள்ளர் மாதிரி இருந்தம். உடுப்புப் பெட்டி ரெண்டை அவிழ்க்கவே இல்லை. வேலி உக்கி விழுந்துது, இவர் கிடுகு வாங்கி அடைப்பம் எண்டார். ஆரின்ரையோ வளவுக்கு நாங்கள் ஏன் வேலி அடைப்பான் எண்டு நான் கத்தினன். தென்னம்பிள்ளை வைக்க விடேல்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க விடேல்லை. நாங்கள் வைச்ச மரத்திலை அவ வந்து காய் ஆய்வா எண்டு நினைக்க வயிறு எரியும்.

ஒவ்வொரு நாளும் விடிய பஸ் ஏறி, ரவுணிலை நான் வேலை செய்த கந்தோருக்குப் போவன். பாலத்தின்ரை மற்றத் தொங்கலிலை கோட்டை, கோட்டைக்குள்ளை ஆமி. சில நாளிலை எல்லாரையும் இறக்கி நடக்க விடுவாங்கள். பஸ்ஸிலை வந்த சனம் தேவாரம் முணுமுணுத்துக்கொண்டு நடக்கும். நான் மட்டும் பின்னேரம் வீட்டுப் படலையிலை ஆரும் நிப்பினமோ எண்டு யோசிச்சுக்கொண்டு போவன். துவக்கோடை நிக்கிறவனைப் பாத்து வராத நடுக்கம், தபால்காரன்ரை சைக்கிள் மணிக்கு வந்துது. இப்ப நினைச்சால் விசர்தான். ஆனால் அந்த வீட்டை விட்டால் எங்களுக்குப் போக ஒரு இடம் இருக்கேல்லை.

வருசம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் கிடந்தது. ஒரு சனிக்கிழமை அரிசி கழுவிக்கொண்டு நிக்கிறன், படலையடியிலை, வீட்டிலை ஆரும் இருக்கிறியளோ எண்டு ஒரு பொம்பிளைக் குரல். நிமிர்ந்து பாத்தன். குடையும் பையுமா ஒரு மனிசி. ஆர் எண்டு கேக்கத் தேவை இருக்கேல்லை. தமையன்ரை அதே மூக்கு.

இவர் கதிரையைக் கொண்டுவந்து வைச்சார். அவ இருக்கேல்லை. நேரா கிணத்தடிக்குப் போனா, தானே வாளியை விட்டு அள்ளி, கையிலை ஏந்திக் குடிச்சா. வளவைச் சுத்தி வந்து வேலியைப் பாத்தா, சுவரைத் தடவிப் பாத்தா. ஏன் ஒண்டும் செய்யாமல் விட்டிருக்கிறியள் எண்டு கேட்டா. பொய் சொல்ல எனக்கு வாய் வரேல்லை. நீங்கள் வழக்குப் போடுவியள் எண்டு பயந்துதான் எண்டு சொல்லிப் போட்டன்.

"ஊர்காவற்றுறைக்கு வாற வள்ளத்திலை சனம் கதைக்கேக்கைதான் பிள்ளை எனக்குத் தெரியும், நான் பிறந்த வீடு வித்தாச்சு எண்டு. அண்ணை கேக்கேல்லை. நீங்களும் கேக்கேல்லை."

இவர் ஏதோ விளங்கப்படுத்த வெளிக்கிட்டார். நான் கையைக் காட்டி நிப்பாட்டினன். அந்த நேரம் எனக்குச் சட்டமும் தெரியேல்லை, உறுதியும் தெரியேல்லை. அந்த மனிசியின்ரை முகம் மட்டும்தான் தெரிஞ்சுது.

"அக்கா, இந்த வீட்டை நாங்கள் வாங்கலாமோ?" எண்டு கேட்டன்.

வாங்கி ஒரு வருசமாகப் போற வீட்டுக்கு இப்பிடி ஒரு கேள்வி. இவர் என்னை ஒரு மாதிரிப் பாத்தார்.

"முந்தி வந்து கேட்டிருந்தால் ஏலாது எண்டுதான் சொல்லியிருப்பன்" எண்டு சொன்னா. "இப்பவும் என்ரை மனம் அதுதான். எண்டாலும் நீர் ஒருத்தியாவது கேட்டீர். இந்த வீட்டிலை நீங்களே இருங்கோ."

எனக்கு அழுகை வந்திட்டுது. அவவின்ரை கையைப் பிடிச்சு, உலை கொதிக்குது, சாப்பிட்டிட்டுத்தான் போக வேணும் எண்டு கெஞ்சினன். அவ மெதுவாக் கையை எடுத்தா.

"இண்டைக்கு ஏலாது பிள்ளை. இந்தக் குசினியிலை எனக்கு ஆரும் விருந்தாளிக்குப் போடுறமாதிரிச் சோறு போட்டதில்லை."

குடையை விரிச்சுக்கொண்டு பஸ் றோட்டுப் பக்கம் நடந்தா. ஒருக்காலும் திரும்பிப் பாக்கேல்லை. வீடு எங்களுக்குத்தான் எண்டு ஆச்சு. ஆனால் அண்டைக்கு மத்தியானம் எனக்குச் சோறு இறங்கேல்லை.