மைதானத்தில் விட்ட கார்

அண்ணனை அந்த மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் தெப்பக்குளம் பக்கத்தில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை. வீடு ஸ்ரீரங்கத்தில். பதினெட்டு வருஷமாகக் காவிரிப் பாலத்தைத் தாண்டிப் போய் வருகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு சாயங்காலம் பள்ளி விட்டு வரும்போது, கடைவீதியில் ஓர் ஆம்புலன்ஸ் நகர முடியாமல் நின்றது. சாலையின் இரண்டு ஓரமும் கார்கள். காருக்குச் சொந்தக்காரர்கள் எல்லாரும் கடைகளுக்குள். நானும் உடன் வேலை பார்க்கும் ஓர் ஆசிரியையும் கடை கடையாக ஏறி, "அந்த வெள்ளைக் கார் யாருதுங்க, கொஞ்சம் எடுங்க" என்று கேட்டோம். ஒருவர், "பில் போட்டுட்டு வரேன்" என்றார். ஆம்புலன்ஸுக்குள் இருந்த பெண்மணியின் பாதம் மட்டும் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அவர் என்ன ஆனார் என்று எனக்குத் தெரியாது.

அதனால்தான், காரை வெளியே ஒரு மைதானத்தில் நிறுத்திவிட்டு மினிபஸ்ஸில் கடைவீதிக்குப் போகும் திட்டத்தை மாநகராட்சி கொண்டுவந்தபோது, அதை என் சொந்தக் காரியம் மாதிரி எடுத்துக்கொண்டேன். மைதானம் காவிரிக்கு ஸ்ரீரங்கத்துப் பக்கம். பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் என்று பலகையில் எழுதியிருந்தது. பெற்றோர் கூட்டத்தில்கூட அதைப் பற்றிப் பேசினேன்.

அண்ணன் உப்பிலியபுரத்தில் விவசாயம் பார்க்கிறார். அவர் மகளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். முதல் நாள் காலையில் அப்பாவும் மகளுமாகப் புடவை எடுக்கக் காரில் வந்தார்கள். புடவை எடுத்ததும் ரவிக்கைத் துணியைத் துறையூரில் ஒரு தையல்காரம்மாவிடம் கொடுக்க வேண்டும். ஐந்து மணிக்குள் வந்தால் மறுநாள் காலையில் தைத்துத் தருவதாக அவர் சொல்லியிருந்தார்.

"கடை வாசல்லயே வண்டிய விட்டுடலாம். நீ ஏன் சுத்தி வளைக்கிற?" என்றார் அண்ணன்.

"அங்க எடம் கெடைக்காதுண்ணே. இது சட்டுனு கொண்டு விட்டுரும்."

மைதானத்தில் காரை விட்டோம். மினிபஸ்ஸில் எங்களையும் சேர்த்து ஆறு பேர். அரைமணி நேரம் வெயிலில் உட்கார்ந்திருந்தோம். ஓட்டுநரிடம் போய்க் கேட்டேன்.

"ஆள் சேரட்டும்ங்க. காலி வண்டி ஓட்டினா என்னைத்தான் கேப்பாங்க."

"பத்து நிமிஷம்னு போட்டிருக்கீங்களே."

"போர்டு நான் எழுதலைங்க."

ஒருவழியாகக் கிளம்பினோம். பாலத்தில் ஊர்ந்தோம். கடைவீதிக்குள் நுழைந்ததும் பார்த்தேன்: இரண்டு ஓரத்திலும் எப்போதும் போலக் கார்கள். அங்கே நிறுத்தக் கூடாது என்று யாரும் சொல்லவே இல்லை. சொன்ன பேச்சைக் கேட்டுக் காரை வெளியே விட்டவர்கள் பஸ்ஸுக்குள் வியர்த்துக்கொண்டிருந்தோம். கேட்காதவர்கள் கடை வாசலில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பஸ் ஓரத்தில் விட்டிருந்த ஒரு சிவப்புக் காருக்குப் பின்னால் நின்றது, நின்றுகொண்டே இருந்தது.

அண்ணன் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நாம மைதானத்துல நுழையறப்ப இந்தக் கார் நம்ம பின்னாடிதான் வந்துச்சு. உள்ள திரும்பாம நேரா இங்க வந்துடுச்சு."

இறங்கி நடந்தோம்.

அண்ணன் மகள் சீக்கிரமே ஒரு மாம்பழ மஞ்சள் புடவையை எடுத்துவிட்டாள். திரும்புவதற்கு எவ்வளவு நேரம் நின்றும் பஸ் வரவில்லை. ஆட்டோ பிடித்து மைதானத்துக்கு வரும்போது மணி இரண்டரை. வாசலை அடைத்து இரும்புக் கம்பங்கள் நட்டிருந்தார்கள். உள்ளே பந்தல் வேலை நடந்துகொண்டிருந்தது.

"சாயந்தரம் இங்க விழா மேடம்" என்றார் காவலாளி.

"எங்க கார் உள்ள நிக்குதே?"

"எனக்கே மதியம்தான் சொன்னாங்க. காலைல தெரிஞ்சிருந்தா உங்களை உள்ளயே விட்டிருக்க மாட்டேன்."

பலகையில் இருந்த எண்ணுக்குப் பேசினேன். அவர் இன்னொருவர் எண்ணைக் கொடுத்தார். அந்த இன்னொருவர் எடுக்கவே இல்லை. கம்பத்தைப் பிரித்தால்தான் வண்டி வெளியே வரும், ஆட்கள் சாப்பிடப் போயிருக்கிறார்கள் என்று பந்தல்காரர் சொன்னார். அவர் மேல் என்ன தப்பு? அவருக்கும் அவசரம்தான். ஆட்கள் வந்ததும் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர்களோடு கம்பம் தூக்கினார். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கார் வெளியே வந்தபோது நாலேகால்.

அவர்கள் துறையூர் போய்ச் சேர்வதற்குள் தையல்காரம்மா கிளம்பிப் போய்விட்டார். மறுநாள் புதுப் புடவைக்குப் பழைய பச்சை ரவிக்கை. போட்டோக்களில் அவள் முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றி மூடிக்கொண்டுதான் நிற்கிறாள்.

"உன்மேல தப்பில்லம்மா. நல்லதுன்னு நெனச்சுதான சொன்ன" என்றார் அண்ணன். திட்டியிருந்தால் தேவலை.

நான் மாநகராட்சிக்கு இரண்டு பக்கத்துக்குக் கடிதம் எழுதினேன். ஆள் இல்லாவிட்டாலும் பஸ்ஸை நேரத்துக்கு எடுங்கள், கடைவீதி ஓரத்தில் கார் நிற்க விடாதீர்கள், வண்டிகள் நிற்கும் மைதானத்தை விழாவுக்குக் கொடுக்காதீர்கள். பெற்றுக்கொண்டோம் என்று ஒரு வரி பதில் வந்தது. கொஞ்ச நாளில் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். மக்களிடம் வரவேற்பு இல்லையாம்.

ஆசிரியர் அறையில் ஒருவர், "நம்ம ஊருக்கு இதெல்லாம் ஒத்துவராது டீச்சர்" என்றார். பஸ் வராத திட்டத்துக்கு மக்கள் எப்படி வரவேற்புக் கொடுப்பார்கள் என்று கேட்டிருக்கலாம். வகுப்புக்குப் போய்ப் பிள்ளைகள்மேல் எரிந்து விழுந்தேன்.

போன மாதம் முகூர்த்தப் புடவை எடுக்க அண்ணன் குடும்பத்தோடு வந்தார். கடை வாசலில் இருந்து போன் செய்தார். "எடம் கெடச்சிடுச்சு. நீ பள்ளிக்கூடம் விட்டு அப்படியே நடந்து வந்துடு."

போனேன். அவர் காருக்குப் பின்னால் ஒரு டவுன் பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, வண்டிய எடுத்துடுங்க. பஸ் போக முடியல."

"அஞ்சு நிமிஷம்மா. ஜரிகை பாத்துட்டு வந்துடறோம்."

அவரிடம் என்ன சொல்ல? எந்த இடத்தைக் காட்டி, அங்கே கொண்டுபோய் விடுங்கள் என்பேன்? நான் கடைக்குள் போகவில்லை. காரின் பக்கக் கண்ணாடியை மடக்கிவிட்டு, பஸ் ஓட்டுநருக்குக் கை காட்டினேன். ஒரு சாண் இடைவெளியில் பஸ் மெல்ல உரசாமல் நகர்ந்தது. ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் என்னை, கார்க்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே போனாள். பின்னால் அடுத்த பஸ் வந்து நின்றது.